உச்சி அண்ணனும் நாலு ஒயரும்

“இந்த வருஷம் நீங்க மேலே ஏற வேண்டாம், அண்ணா” என்றாள் ஆலையின் பாய்லர் இன்ஜினியரான சின்ன மேடம். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் கேட்ட உச்சி அண்ணன் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏன் மேடம், எனக்கு என்ன குறைச்சல்?”

“ஒரு குறைச்சலும் இல்லை. ஐம்பத்தொன்பது வயசாச்சு. நாலு மாசத்துல ரிட்டையர் ஆகப் போறீங்க. நூத்தி இருபது அடி ஏணியில உங்களை ஏத்திவிட்டுட்டு நான் கீழே நின்னு நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருக்கணுமா? இந்தத் தடவை உங்களுக்குப் பதிலா இது போகும்.”

‘இது’ என்று அவள் காட்டியது, எலெக்ட்ரிக்கல் அறையின் மேஜைமேல் காலைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. நான்கு கை நீட்டிய ஒரு கறுப்புச் சட்டம், ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு மோட்டார், மோட்டார் தலையில் ஓர் இறக்கை. ட்ரோன். பக்கத்தில் இரண்டு போர்டுகள். ஒன்று தீப்பெட்டி அளவு, இன்னொன்று சீட்டுக்கட்டு அளவு.

“மேலே போய் என்ன பண்ணும்?”

“இடிதாங்கியைச் சுத்திச் சுத்திப் படம் எடுக்கும். நட்டு, கிளாம்ப், பெயின்ட், எல்லாம். கீழே பெரிய திரையில நாம பார்க்கலாம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டிருக்கார்.”

“எல்லாத்தையும் பார்க்குமா?”

“ஒரு துரு விடாது.”

உச்சி அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் ஏன் உட்கார்ந்தார் என்று தெரிய வேண்டுமானால் எட்டு வருஷம் பின்னால் போக வேண்டும். அந்தக் காகித ஆலையில் பாய்லர் புகைபோக்கியின் உச்சியில் ஓர் இடிதாங்கி இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு வாரம் ஆலையை நிறுத்தி, பாய்லரை ஆறவிட்டுச் சுத்தம் செய்வார்கள். அந்த வாரம் எலெக்ட்ரீஷியன் ஒருவர் மேலே ஏறி நட்டுகளை முறுக்கி, கிளாம்புகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, இறங்கி வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். பழைய ஆள் ஓய்வு பெற்றதும் மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்து, இனி யார் ஏறுவது என்று கேட்டார். நம்மவர் கையைத் தூக்கினார். பெல்ட் புதுசா பழசா என்று கேட்கத்தான் தூக்கினார். அதற்குள் சுற்றி நின்றவர்கள் கை தட்டிவிட்டார்கள். அத்தனை கைதட்டலுக்கு நடுவே தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

முதல் வருஷம் இரண்டாவது தட்டு வரைக்கும் போனார். ஏணி வழியில் நின்று இளைப்பாற மூன்று இரும்புத் தட்டுகள் உண்டு. இரண்டாவதற்கு மேல் ஏணி பின்பக்கமாகப் போவதால், ஏறுகிற ஆள் முற்றத்தில் நிற்பவர்கள் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவதில் நின்று தெரியாத்தனமாகக் கீழே பார்த்துவிட்டார். அதோடு ஏறுவது நின்றது. தட்டோடு தட்டாகத் தவழ்ந்து புகைபோக்கியின் பின்பக்கம் போய், கீழே நிற்பவர்கள் கண்ணில் படாமல் முக்கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இறங்கியபோது மறுபடியும் கை தட்டினார்கள். ‘இடிதாங்கி சரி. நட்டு முறுக்கியாயிற்று. பெயின்ட் அடித்தாயிற்று’ என்று ரிஜிஸ்டரில் எழுதினார். அன்றைக்கு ஒட்டிய பேர்தான் உச்சி அண்ணன்.

அடுத்த ஏழு வருஷமும் அதே தட்டு, அதே மூன்று வாக்கியம். மூன்றாம் வருஷத்திலிருந்து உட்கார ஒரு சாக்கையும் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். இறங்கியதும் பெல்ட்டையும் பெயின்ட் டப்பாவையும் புகைபோக்கிக்குப் பின்னால் இருக்கும் கேன்டீன் சுவரின் ஆணியில் மாட்டிவிட்டு, உடம்பு வலி என்று மறுநாள் லீவு போடுவார். லீவு முடிந்து வரும்போது டப்பா காலியாக இருக்கும். கேன்டீன் டீயக்கா அதை எடுத்துத்தான் தன்னுடைய டீ மக்குகளுக்கு நம்பர் எழுதிக்கொள்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. காலி டப்பா அவருக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

சௌகரியம் இல்லாதது ஒன்றே ஒன்று. வானம் இருட்டி இடி இடிக்கும்போதெல்லாம் அவர் கை வேலையை நிறுத்திவிடும். இத்தனை வருஷம் யாருமே தொடாத ஒரு கம்பியை நம்பி முந்நூறு பேர் கீழே வேலை செய்கிறார்களே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடுத்த வருஷம் எப்படியாவது உச்சிக்கே போய்விட வேண்டும் என்று அப்போது சத்தியம் செய்வார். இடி தூரமாகப் போனதும் சத்தியமும் கூடவே போய்விடும்.

இப்போது அந்த உச்சியை ஒரு பூச்சி போய்ப் பார்க்கப் போகிறது. முந்நூறு பேரும் திரையில் பார்க்கப் போகிறார்கள்.

“இதுல உங்க உதவி வேணும்” என்றாள் சின்ன மேடம். “இந்த ரெண்டு போர்டையும் ஒயர் போட்டுச் சேர்க்கணும். போன வாரம் நானே சேர்த்துப் பார்த்தேன். ஒரு கம்ப்யூட்டர் புகைஞ்சே போச்சு. எனக்குப் பாய்லர் தெரியும், ஒயரிங் தெரியாது. உங்களை மாதிரி ஆடாத கை இந்த ஆலையில யாருக்கு இருக்கு?”

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்தினார். மாட்டேன் என்றால் விஷயம் தெரிந்த ஆளை வெளியிலிருந்து கூப்பிடுவாள். தன் கையில் இருந்தால், கெடுவதும் தன் கையாலேயே கெடும். ட்ரோன் பறக்காவிட்டால் அவர் வழக்கம்போல இரண்டாவது தட்டுக்கு ஏறுவார், சாக்கில் உட்காருவார், இறங்குவார், மானத்தோடு ரிட்டையர் ஆவார்.

“அதுக்கென்ன மேடம், பண்ணிட்டாப் போச்சு.”

“முதல்ல இதைப் பாருங்க.” அவள் தீப்பெட்டி போர்டை லேப்டாப்பில் செருகி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். “இதுதான் ஃப்ளைட் கன்ட்ரோலர். கையைக் கொஞ்சம் சாய்ங்க.”

சாய்த்தார். திரையில் மேலே நீலமாக வானம், கீழே பழுப்பாகத் தரை. கை எவ்வளவு சாய்ந்ததோ அவ்வளவு அந்தத் தரையும் சாய்ந்தது. விரலை மயிரிழை அசைத்தார், தரையும் மயிரிழை அசைந்தது. போர்டைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வானம் கீழே போய் நின்றது.

“கீழே எதுன்னு இதுக்கு எப்படித் தெரியுது?”

“உள்ளேயே இருக்கு அண்ணா. எப்படிப் புரட்டினாலும் கீழே எதுன்னு அதுக்கு மறக்காது. ஒரு செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவை பார்த்துக்கும். அதனாலதான் காத்துல விழாம நிக்குது.”

உச்சி அண்ணன் போர்டை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். ஏணியின் நாற்பதாவது படியில் தனக்குத் தொலைந்துபோகிற ஒன்று, இந்த இத்துனூண்டு பலகைக்குள் தொலையாமல் உட்கார்ந்திருக்கிறது. எந்த மகராசி, எந்த மகராசன் இதைக் கண்டுபிடித்தார்களோ என்று கை கூப்பத் தோன்றியது. இதையா கெடுக்கப் போகிறோம் என்று மனசு ஒரு நிமிஷம் சுருங்கியது.

“இன்னொண்ணு எதுக்கு?”

“அதுதான் சின்ன கம்ப்யூட்டர். கேமரா வழியா பார்த்து, எங்கே போகணும், எவ்வளவு தள்ளி நிக்கணும்னு யோசிச்சு இதுக்குச் சொல்லும். அது கண்ணு, இது காலு. ரெண்டும் பேசிக்கணும். பேசத்தான் நாலு ஒயர்.” அவள் ஒரு தாளை நீட்டினாள். “சிவப்பு கரன்ட். கறுப்பு கிரவுண்ட், உங்க பாஷையில எர்த்துன்னு வெச்சுக்குங்க. பச்சை, செய்தி அனுப்புறது. மஞ்சள், செய்தி வாங்குறது. வரைஞ்சிருக்கேன் பாருங்க, அனுப்புறதை அனுப்புறதோட, வாங்குறதை வாங்குறதோட.”

அந்த நேரம் டீயக்கா தட்டோடு வந்தாள். டீயக்கா என்பது ஆலை வைத்த பேர். உச்சி அண்ணனைவிடப் பதினைந்து வயது சின்னவள்தான். ஊரே அக்கா என்றால் அவருக்கும் அக்காதான்.

“குடிச்சிட்டு மக்கை இங்கேயே வைங்க அண்ணே, யார் கையிலயும் குடுக்காதீங்க. போன வருஷத்துலேருந்து ஏழாம் நம்பர் மக்கைக் காணோம். தேடாத இடம் இல்லை.”

“உன் மக்கை எவன் திருடப் போறான்?”

“பச்சை எனாமல் மக்கு. இப்பல்லாம் எங்கே கிடைக்குது?” என்று புலம்பிக்கொண்டே போனாள்.

அறையில் ஆள் இல்லாதபோது உச்சி அண்ணன் வேலையை ஆரம்பித்தார். ஃபேஸுக்கு ஃபேஸ், நியூட்ரலுக்கு நியூட்ரல் என்பது முப்பத்து நாலு வருஷப் பாடம். அதற்கு நேர் எதிராகச் செய்தால் எந்தச் சாமானும் உருப்படாது என்பதும் அதே பாடம். எனவே பச்சையை மஞ்சளோடும் மஞ்சளைப் பச்சையோடும் குறுக்கே மாற்றி வைத்து ஈயத்தை உருக்கி ஒட்டினார். கை கூசியது. இருந்தாலும் ஈயம் மணி மணியாக விழுந்தது.

சாயங்காலம் சின்ன மேடம் சுவிட்சைப் போட்டாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். லேப்டாப்பில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. நிற்காமல் ஓடின.

“பேசுது அண்ணா, ரெண்டும் பேசுது.” அவள் உடனே ட்ரோன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் தன் தோழிக்கு வீடியோ கால் போட்டு ஒயரைக் காட்டினாள்.

தோழி உற்றுப் பார்த்தாள். “இதை யாருடி போட்டது? எல்லாரும் தப்புப் பண்ற இடம் இதுதான். அனுப்புறதை அனுப்புறதோட சேர்த்தா ரெண்டு பேருமே பேசுவாங்க, கேட்க ஆள் இருக்காது. ஒருத்தரோட வாய் இன்னொருத்தரோட காதுக்குப் போகணும். கரெக்டா குறுக்கே போட்டிருக்கார்.”

சின்ன மேடம் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பக்தியே இருந்தது. “நான்தான் தப்பா வரைஞ்சிருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லிக்காட்டாம சரி பண்ணிட்டீங்க.”

“அது… கை தானா போச்சு மேடம்” என்றார் உச்சி அண்ணன்.

மறுநாள் அவர் கரன்டிலேயே கை வைத்தார். ஃப்ளைட் போர்டிலிருந்துதான் சின்ன கம்ப்யூட்டருக்குச் சிவப்பு ஒயர் போகிறது. அதை அறுத்துவிட்டால் கம்ப்யூட்டர் பட்டினி. கட்டரை எடுத்து நறுக்கென்று வெட்டினார். வெட்டிய முனையை அம்மணமாக விட்டுப் போக மட்டும் மனசு வரவில்லை. மேலே ஒரு பிளாஸ்டிக் ஸ்லீவ் மாட்டி, சூடு காட்டிச் சுருக்கி, அழகாக மூடினார். நாசவேலை என்றாலும் ஒரு நறுவிசு வேண்டாமா?

அடுத்து கறுப்பு ஒயர். கட்டர் அதன்மேல் போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. எர்த்தை அறுத்த பாவத்தை இந்தக் கை செய்யாது என்று அது அங்கேயே சொல்லிவிட்டது. ஏற்கெனவே உச்சியில் இருக்கும் ஓர் எர்த்துக்குத் தான் செய்த துரோகமே போதும் என்று கட்டரைக் கீழே வைத்தார்.

சின்ன மேடம் வந்தாள், சுவிட்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லை.

“ஐயோ, இதுவும் போச்சா?” அவள் முகம் விழுந்துவிட்டது. அவருக்கே பாவமாக இருந்தது. ஆனால் அந்தப் பெண் லேசில் விடுகிற ரகம் இல்லை. பெட்டியைக் கிளறி, பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் எடுத்து அளவாகக் குறைத்துக் கொடுக்கும் ஒரு கன்வெர்ட்டரை எடுத்தாள். “இதை மாட்டிப் பார்ப்போமே. அஞ்சு வோல்ட் வரணும்.”

மாட்டப் போன நொடியில் உச்சி அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மாதான் இருந்தது. கை இருக்கவில்லை. அதுபாட்டுக்கு மீட்டரை எடுத்துக் கன்வெர்ட்டரின் வாயில் வைத்தது. ஒன்பதரை வோல்ட்.

“இருங்க மேடம்” என்று அதே கை அவளை நிறுத்தியது. அதன் குட்டி ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியது. எட்டு, ஏழு, ஆறு, ஐந்து புள்ளி ஒன்று. கம்ப்யூட்டருக்குக் கொடுத்தது. பச்சை விளக்கு எரிந்தது. தன் கையையே அவர் எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

தோழி மறுபடியும் திரையில் வந்தாள். “தனி கன்வெர்ட்டரா, அதுதான் முறை. அந்த ஃப்ளைட் போர்டால ஒரு கம்ப்யூட்டருக்குத் தீனி போட முடியாது, நடுவானத்துல மயக்கம் போட்டுடும். ஆமா, பழைய சிவப்பு ஒயரை எடுத்துட்டுத்தானே இதை மாட்டினீங்க? ரெண்டு பக்கமும் கரன்ட் வந்தா ஒண்ணோட ஒண்ணு மோதி ரெண்டு போர்டும் போயிடும்.”

சின்ன மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. குனிந்து பார்த்தாள். சிவப்பு ஒயர் வெட்டப்பட்டு, ஸ்லீவுக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணா, முன்னாடியே வெட்டிட்டீங்களா?”

“ம்.”

“கறுப்பு ஒயர் இருக்கில்ல?” என்றாள் தோழி. “அது இல்லைன்னா ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குப் புரியாது.”

“இருக்கு. கறுப்பை மட்டும் விட்டுவெச்சிருக்கார்.” சின்ன மேடம் அவர் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு இதெல்லாம் எப்படி அண்ணா தெரியும்?”

உச்சி அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடக்கம் என்று அவள் நினைத்தாள்.

அன்றைக்கு டீ கொண்டுவந்த டீயக்கா போகாமல் நின்றாள். “அண்ணே, இது நிஜமாவே உச்சி வரைக்கும் போகுமா?”

“போகும்.”

“போய், இடிதாங்கியை மட்டும்தான் பார்க்குமா?”

“எல்லாத்தையும் பார்க்குமாம்.”

“எல்லாத்தையுமா?” என்றாள். அவள் முகம் என்னவோ போல் ஆனது. பாவம், மிஷினைப் பார்த்து மிரண்டுவிட்டாள் என்று அவர் நினைத்தார். சாயங்கால டீயில் சர்க்கரை இல்லை. குடித்த அவருக்கும் அது தெரியவில்லை.

புதன்கிழமை கடைசி அஸ்திரம். மதியச் சோற்று வேளையில் நாலு இறக்கைகளையும் கழற்றித் தன் சாப்பாட்டுப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். இறக்கை இல்லாமல் எது பறக்கும்? இருக்கிறதே இந்த நாலுதான், புதுசு வர ஒரு வாரம் ஆகும்.

அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் சின்ன மேடம் தோழியை ஃபோனில் வைத்துக்கொண்டு மோட்டாரைச் சோதிக்க ஆரம்பித்திருந்தாள். இடது கையால் ட்ரோனின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் லேப்டாப்பில் எதையோ தட்டினாள். மெதுவாகச் சுற்ற வேண்டிய நாலு மோட்டாரும் ஒரே வீச்சில் கிரீச்சென்று கத்தின. சட்டம் அவள் கையில் அதிர்ந்தது. அவள் உறைந்துபோய் நின்றாள். உச்சி அண்ணன் ஒரே எட்டில் போய்ப் பேட்டரியைப் பிடுங்கினார்.

ஃபோனில் தோழி கத்தினாள். “விரல் இருக்காடி? விரலைக் காட்டு.”

சின்ன மேடம் கையைத் தூக்கிப் பார்த்தாள். மோட்டார் தலைகளுக்கு அரை அங்குலம் தள்ளி இருந்த ஐந்து விரலும் இருந்தன. அப்புறம்தான் அவள் கவனித்தாள், எந்தத் தலையிலும் இறக்கை இல்லை.

“இறக்கை எங்கே?”

உச்சி அண்ணன் சாப்பாட்டுப் பையைத் திறந்து நாலையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

“மேஜையில வெச்சு சோதிக்கறப்போ இறக்கையைக் கழட்டணும்னு நான் சொல்ல மறந்தே போயிட்டேன்” என்றாள் தோழி, அழுகிற குரலில். “அந்த அண்ணா மட்டும் கழட்டலைன்னா இன்னைக்கு உன் கை…”

சின்ன மேடம் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அவர் அவள் பக்கத்தில் நின்று அந்த ஐந்து விரலையும் பார்த்தார். வீட்டில் அவர் மகள் கைவிரல்களும் இதே அளவுதான். தான் கெடுக்க நினைத்து ஒளித்த இறக்கை இந்த விரல்களைக் காப்பாற்றியிருக்கிறது. மூன்று நாளாகத் தான் தொட்டதெல்லாம் சரியாகவே முடிகிறது. இது என்ன மிஷின், யார் இதை நடத்துகிறார்கள் என்று அவருக்கு மெய்சிலிர்த்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது.

செய்தி மேனேஜர் காதுக்குப் போனது. அவர் நேரில் வந்து உச்சி அண்ணனின் தோளைத் தட்டினார். “வெள்ளிக்கிழமை உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வரணும். நான் நாலு வார்த்தை பேசணும்.”

வீட்டில் மனைவி அன்றைக்கே புடவையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். “எட்டு வருஷமா நீங்க ஏறுற அன்னைக்கெல்லாம் எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது. அப்படி எந்த இடத்துலதான் போய் நிக்கறீங்கன்னு ஒரு தடவை பார்க்கணும்னு ஆசை. இப்பத்தான் பார்க்கப் போறேன்.”

“அது வந்து…” என்றார் அவர்.

“என்னது?”

“புடவை நல்லா இருக்கு.”

வியாழக்கிழமை அவர் எதையும் கெடுக்கவில்லை. பெயர் கெடட்டும், இந்தப் பெண்ணின் உழைப்பும் அந்தப் போர்டும் கெடக்கூடாது என்று தீர்மானித்துவிட்டார். ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்தார். இறக்கையில் சிக்காதபடி சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். மீட்டரை வைத்து ஐந்து புள்ளி ஒன்றை மூன்று தடவை பார்த்தார். கடைசியாக, எந்த இறக்கை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று தோழியிடம் கேட்டுக் கேட்டு நாலையும் மாட்டினார். முப்பத்து நாலு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக அவர் ஒரு வேலை செய்ததில்லை. தன்னை மாட்டிவைக்கப் போகும் வேலைக்கு இவ்வளவு சுத்தமா என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆலை முற்றத்தில் முந்நூறு பேர். பெரிய திரை. முன் வரிசையில் இஸ்திரி கலையாத புடவையில் மனைவி. டீயக்கா தட்டை ஏந்தியபடி ஓரமாக நின்றாள்.

சின்ன மேடம் பட்டனைத் தட்டினாள். ட்ரோன் தரையை விட்டு எழுந்து, ஆள் உயரத்தில் நின்றது. காற்று வந்து தள்ளியது. அது கொஞ்சம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே அதே இடத்தில் நின்றது. இரண்டு போர்டும் இந்த நிமிஷம் தான் வைத்த ஈயத்தின் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன என்று நினைத்தபோது, அத்தனை பயத்திலும் உச்சி அண்ணனுக்குக் கண் நிறைந்தது.

முதல் தட்டு கடந்தது. இரண்டாவது தட்டில் பின்பக்கமாகச் சுற்றியபோது திரையில் ஒரு சாக்கு தெரிந்தது, நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த சாக்கு.

“அது என்ன?” என்றார் மேனேஜர்.

“இளைப்பாறத்தான் சார்.”

“பின்னே? பாதி வழியாச்சே” என்று மேனேஜரே சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது தட்டும் போனது. அதற்கு மேல் அவர் கண்ணை மூடிக்கொண்டார். துருப்பிடித்த கம்பி, கழன்று தொங்கும் கிளாம்ப், திரும்பிப் பார்க்கும் மனைவி என்று ஒவ்வொன்றாக மூடிய கண்ணுக்குள் வந்தன. சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் யாரோ மெதுவாக, “அடேங்கப்பா” என்றார்கள்.

கண்ணைத் திறந்தார்.

திரையில் முதலில் தெரிந்தது வானம். அதற்குக் கீழே கூரைகளும் மரங்களும், அவற்றுக்கு அப்பால் வெள்ளிக் கோடாக ஆறும். ஆலையைச் சுற்றி இவ்வளவு உலகம் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அதற்கு முன்னால் இடிதாங்கி. கம்பியில் பொட்டுத் துரு இல்லை. நட்டுகள் இறுகியிருந்தன. கிளாம்புகள் வெள்ளை வெளேரென்று பெயின்ட் அடித்து, ஓரம்கூட வழியாமல் மின்னின. பக்கத்துக் கைப்பிடிக் கம்பியில் காற்றுக்குப் பறந்துவிடாமல் கட்டுக்கம்பியால் கட்டி, ஒரு பச்சை எனாமல் மக்கு தொங்கியது.

மேனேஜர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். “உச்சியில உட்கார்ந்து டீ குடிச்சிருக்காரய்யா மனுஷன்.”

முந்நூறு பேரும் கை தட்டினார்கள். சின்ன மேடம் விசில் அடித்தாள். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உச்சி அண்ணன் மட்டும் கை தட்டலைக் கேட்கவில்லை. எட்டு வருஷமாக நிமிர்ந்து பார்க்கப் பயந்த அந்த உச்சியை முதல் தடவையாகத் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஒவ்வொரு இடிக்கும் தான் செத்துப் பிழைத்தபோதெல்லாம் அந்தக் கம்பி நன்றாகத்தான் இருந்திருக்கிறது. யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இன்னார் என்று தெரிந்தால் காலில் விழலாம் என்று இருந்தது.

திரையில் காற்று மக்கைத் திருப்பியது. வயிற்றில் வெள்ளைப் பெயின்டில் எழுதிய ஏழு தெரிந்தது.

“டீ அண்ணே” என்று பக்கத்தில் குரல் கேட்டது. டீயக்கா தட்டை நீட்டினாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மக்கை எடுத்தார். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“கேன்டீன் ஜன்னல்லேருந்து அந்த ரெண்டாவது தட்டோட பின்பக்கம் நல்லாத் தெரியும் அண்ணே. இடி விழுந்தா கேன்டீன் கூரைமேலதானே விழும், அதான் நீங்க லீவு போடுற அன்னைக்கு உங்க பெல்ட்டை மாட்டிக்கிட்டு நான் ஒரு எட்டு உச்சிக்குப் போயிட்டு வந்துடுறது. இந்த வருஷமும் பெல்ட்டை ஆணியிலேயே மாட்டிட்டுப் போங்க, மறந்து விட்டுட்டு வந்த மக்கை எடுத்துட்டு வந்துடறேன்.”